நான்கு குவாண்டம் எண்களைப் பிழையில்லாமல் எழுத: ஹைட்ரஜனிலிருந்து இரும்பு அயனி வரை

அணு அமைப்புப் பாடத்தில், அணுவுக்குள் ஓர் எலக்ட்ரானின் நிலையைக் குறிக்கும் நான்கு குவாண்டம் எண்களின் வரையறையைக் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். "குரோமியத்தில் காந்தக் குவாண்டம் எண் பூச்சியமாக உள்ள எலக்ட்ரான்கள் எத்தனை?" என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடும். நான்கையும் தனித்தனி வரையறைகளாகப் படித்ததன் விளைவு இது. உண்மையில் அவை ஒரு தொடர். முதலாவது எண் இரண்டாவதற்கு எல்லை போடும், இரண்டாவது மூன்றாவதற்கு எல்லை போடும். எந்தக் கணக்கானாலும் அந்த வரிசையிலேயே எழுதிப் பழகுங்கள். தப்பு நேரும் இடம் தானாகக் கண்ணில் படும்.

சுருக்கத்துக்காக இங்கே முதன்மை எண், கோண எண், காந்த எண், சுழற்சி எண் என்றே எழுதுகிறோம். அடைப்புக்குறிக்குள் நான்கு மதிப்புகள் வந்தால் அவையும் இதே வரிசைதான்: (3, 2, −1, +½).

எது எதற்கு எல்லை

முதன்மை எண் 1, 2, 3 என்று போகும் முழு எண். பூச்சியம் கிடையாது. ஆர்பிட்டாலின், அதாவது எலக்ட்ரானைக் காணும் வாய்ப்புள்ள பகுதியின், அளவையும் ஆற்றலின் பெரும்பகுதியையும் தீர்மானிப்பது இது. ஹைட்ரஜனில் ஆற்றல் இந்த எண்ணை மட்டுமே பொறுத்தது. −13.6 எலக்ட்ரான் வோல்ட்டை முதன்மை எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும்: முதல் கூட்டில் (முதன்மை எண் 1) −13.6, இரண்டாவதில் −3.4, மூன்றாவதில் −1.51.

கோண எண் பூச்சியத்தில் தொடங்கும், முதன்மை எண்ணைவிட ஒன்று குறைவான மதிப்போடு முடியும். 0 என்றால் எஸ், 1 என்றால் பி, 2 என்றால் டி, 3 என்றால் எஃப். இவையே கூட்டுக்குள் இருக்கும் துணைக்கூடுகள். வடிவத்தைச் சொல்வது கோண எண்தான். முதன்மை எண் 2 என்றால் கோண எண்ணுக்கு 0, 1 என்ற இரண்டு மதிப்புகளே உண்டு. 1பி, 2டி, 3எஃப் ஆகியவை ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

காந்த எண், கோண எண்ணின் எதிர்மதிப்பிலிருந்து நேர்மதிப்பு வரை ஒவ்வொன்றாக ஏறும். டி என்றால் −2, −1, 0, +1, +2. ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் ஆர்பிட்டால். இடையில் உள்ள பூச்சியத்தை மறந்துவிட்டு டி-க்கு நான்கு ஆர்பிட்டால் என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. கோண எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் எத்தனை வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்: எஸ் 1, பி 3, டி 5, எஃப் 7.

சுழற்சி எண் +½ அல்லது −½. இது மட்டும் மற்ற மூன்றோடு ஒட்டாதது. அந்த மூன்றும் 1926-ல் ஷ்ரோடிங்கர் எழுதிய அலைச்சமன்பாட்டின் தீர்விலிருந்து வருகின்றன. சுழற்சி எண் அந்தச் சமன்பாட்டில் இல்லை, சோதனை கட்டாயப்படுத்தியதால் வந்தது. 1922-ல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப் புலத்தின் வழியாக அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. வெள்ளியில் 46 எலக்ட்ரான்கள் முழுதாக நிரம்பிய துணைக்கூடுகளில் இருக்கின்றன, மீதி ஒன்று 5எஸ்-ல். எஸ்-க்குக் காந்த எண் பூச்சியம் மட்டுமே என்பதால் கற்றை பிரியவே கூடாது. கோண எண் வேறாக இருந்தாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில்தான் பிரிய முடியும், இரண்டு என்ற எண்ணிக்கைக்கு வழியே இல்லை. எலக்ட்ரானுக்கே சொந்தமான ஒரு கோண உந்தம் உண்டு என்று ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் 1925-ல் முன்வைத்த பிறகுதான் கற்றை ஏன் இரண்டாகப் பிரிந்தது என்பது விளங்கியது. எலக்ட்ரான் பம்பரம்போல் உண்மையிலேயே சுற்றுகிறது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் நிலைத்துவிட்டது, படம் சரியில்லை.

"எந்தத் தொகுப்பு சாத்தியமில்லை?" என்ற கேள்விக்கு இடமிருந்து வலமாக மூன்றே சோதனை. இரண்டாவது எண் முதலாவதைவிடச் சிறியதா? மூன்றாவது, குறியை நீக்கிப் பார்த்தால், இரண்டாவதைத் தாண்டாமல் இருக்கிறதா? நான்காவது ½ தானா? (2, 2, 0, +½) முதல் சோதனையிலேயே விழும். (3, 1, −2, −½) இரண்டாவதில் விழும். (1, 0, 0, 0) மூன்றாவதில் விழும். (4, 3, −3, +½) பார்க்க மிரட்டினாலும் சரியானது, 4எஃப் எலக்ட்ரான்.

எண்ணிக்கைக் கணக்குகள்

ஒரு கூட்டில் உள்ள ஆர்பிட்டால்கள் முதன்மை எண்ணின் வர்க்கம், எலக்ட்ரான்கள் அதன் இரு மடங்கு. நான்காம் கூடு என்றால் 16 ஆர்பிட்டால், 32 எலக்ட்ரான். ஓர் ஆர்பிட்டாலில் இரண்டுக்கு மேல் நுழையாததற்குக் காரணம் பௌலியின் தவிர்ப்புத் தத்துவம். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் நான்காவது வேறுபட்டே ஆக வேண்டும், அதற்கு இரண்டு மதிப்புகளே உள்ளன.

போட்டித் தேர்வுகளில் நேரடியாகக் கேட்காமல் ஒரு நிபந்தனையைச் செருகிக் கேட்பார்கள். முதன்மை எண் 4, காந்த எண் +1 என்று கொடுத்து அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான் என்றால், சூத்திரம் தேடாதீர்கள். நான்காம் கூட்டின் துணைக்கூடுகளை வரிசையாக எழுதுங்கள். 4எஸ்-ல் +1 கிடையாது. 4பி, 4டி, 4எஃப் ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்பிட்டாலுக்கு +1 உண்டு. ஆக 3 ஆர்பிட்டால், 6 எலக்ட்ரான். இதோடு சுழற்சி எண் −½ என்றும் சேர்த்துக் கேட்டால் பாதி, 3. முதன்மை எண்ணும் கோண எண்ணும் கூடி 5 வர வேண்டும் என்றால் 5எஸ், 4பி, 3டி. ஆர்பிட்டால்கள் 1 + 3 + 5 = 9, எலக்ட்ரான்கள் 18.

வடிவமும் கணுக்களும்

புத்தகத்தில் போட்டிருக்கும் பி ஆர்பிட்டாலின் படத்தை எலக்ட்ரான் ஓடும் பாதை என்று நினைத்துவிட்டால் மேலே எதுவும் புரியாது. அது ஓர் எல்லைப் பரப்பு. அதற்குள் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு 90 சதவீதம் என்ற அளவில் வரையப்பட்டது. மடல்களில் போட்டிருக்கும் + − குறிகள் மின்சுமையும் அல்ல, அந்தப் பகுதியில் அலைச்சார்பின் (அலைச்சமன்பாட்டின் தீர்வின்) குறி. பின்னால் பிணைப்புப் பாடத்தில் இந்தக் குறிகள்தான் எந்த மேற்பொருந்துதல் பிணைப்பைத் தரும், எது தராது என்று முடிவு செய்யும். இப்போதே பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அலைச்சார்பு பூச்சியமாகிக் குறி மாறும் இடம் கணு. மொத்தக் கணுக்கள் முதன்மை எண்ணைவிட ஒன்று குறைவு. அதில் கோணக் கணுக்கள் கோண எண்ணுக்குச் சமம், மீதி எல்லாம் ஆரக் கணுக்கள். 3பி-க்கு மொத்தம் 2: கோணக் கணு 1, ஆரக் கணு 1. 4டி-க்கு மொத்தம் 3: கோணக் கணு 2, ஆரக் கணு 1. 4எஃப்-க்கு மூன்றும் கோணக் கணுக்களே. அணுக்கருவிலும் முடிவிலியிலும் வரைபடம் பூச்சியத்தைத் தொடுவதைக் கணுவாக எண்ணக் கூடாது.

வரைபடங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. ஹைட்ரஜனின் 1எஸ்-க்கு அலைச்சார்பின் வர்க்கத்தை வரைந்தால் அணுக்கருவில்தான் உச்சம். ஆரப் பரவல் வரைபடத்தில் உச்சம் 52.9 பைக்கோமீட்டரில் வருகிறது, அதாவது இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பெயரில் வழங்கும் போர் ஆரத்தில். இரண்டும் சரி. முதலாவது ஒரு புள்ளியில் உள்ள அடர்த்தி. இரண்டாவது அந்தத் தூரத்தில் உள்ள மெல்லிய கோள ஓட்டில் மொத்தமாக எவ்வளவு என்பது. அணுக்கருவுக்கு அருகே அடர்த்தி அதிகம், ஆனால் ஓட்டின் பரப்பு பூச்சியத்தை நெருங்குகிறது. தூரம் கூடக்கூடப் பரப்பு கூடும், அடர்த்தி குறையும். இரண்டும் பெருகி வரும்போது உச்சம் இடையில் விழுகிறது. கேள்வியில் வரைபடம் கொடுத்தால் முதலில் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

2எஸ்-க்கு ஆரப் பரவலில் இரண்டு மேடுகள். சிறியது சுமார் 40 பைக்கோமீட்டரில், பெரியது சுமார் 277-ல், நடுவே 106-ல் ஆரக் கணு. மேடுகளின் எண்ணிக்கை ஆரக் கணுவைவிட எப்போதும் ஒன்று கூடுதல். படத்தைப் பார்த்து ஆர்பிட்டாலை அடையாளம் காணச் சொன்னால், மேட்டை எண்ணி அதைக் கணு என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

அந்தச் சிறிய உள்மேடு அலங்காரத்துக்கு இல்லை. பல எலக்ட்ரான் அணுக்களில் ஒரே கூட்டின் எஸ், பி, டி ஆகியவற்றின் ஆற்றல் பிரிவதற்கு அதுவே காரணம். உள்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைப்பதே திரைமறைப்பு. எஸ் எலக்ட்ரான் அதைத் தாண்டி அணுக்கருவுக்கு அருகே ஊடுருவுகிறது, அதனால் கூடுதலாக ஈர்க்கப்படுகிறது. பி அதைவிடக் குறைவு, டி இன்னும் குறைவு. ஹைட்ரஜனில் மறைக்க வேறு எலக்ட்ரான் இல்லாததால் 3எஸ், 3பி, 3டி மூன்றும் ஒரே ஆற்றல். சோடியத்தில் 3பி, 3எஸ்-ஐவிட 2.1 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு இறங்கும்போது 589 நானோமீட்டர் ஒளி வருகிறது. பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் அதுதான்.

டி வடிவங்களில் ஐந்தையும் வரையத் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ஒய், ஒய்இசட், இசட்எக்ஸ் மூன்றிலும் மடல்கள் அச்சுகளுக்கு இடையே இருக்கும். எக்ஸ்²−ஒய்²-ல் அச்சுகளின் மேலேயே இருக்கும். இசட்² மட்டும் தனி: இசட் அச்சில் இரண்டு மடல், இடுப்பில் ஒரு வளையம். அதன் இரண்டு கோணக் கணுக்களும் தளங்கள் அல்ல, கூம்புகள்.

காந்த எண்ணுக்கும் இந்தப் பெயர்களுக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தம் போட முயல வேண்டாம். பி-இசட், டி-இசட்² இரண்டுக்கும் காந்த எண் 0, அது உறுதி. பி-எக்ஸ், பி-ஒய் இரண்டும் +1, −1 நிலைகளைக் கலந்து பெறப்பட்டவை. பி-எக்ஸுக்கு +1, பி-ஒய்க்கு −1 என்று அட்டவணை போட்டுத் தரும் கையேடுகள் உண்டு. அதை நம்பி மனப்பாடம் செய்வது வீண் வேலை.

எலக்ட்ரான் அமைப்பு எழுதுதல்

எலக்ட்ரான்கள் துணைக்கூடுகளை நிரப்பும் ஆஃபா வரிசையை அம்புக்குறிப் படம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். தேர்வறையில் ஒரு கோடு தவறினால் எல்லாம் தவறிவிடும். தனிம அட்டவணையே அந்த வரிசைதான். எஸ் தொகுதி 2 கட்டம், பி தொகுதி 6, டி 10, எஃப் 14. எஸ், பி இரண்டிலும் முதன்மை எண் வரிசை எண்ணுக்குச் சமம். டி-யில் ஒன்று குறைவு, எஃப்-ல் இரண்டு குறைவு. ஆறாம் வரிசையை இடமிருந்து வாசித்தால் 6எஸ், 4எஃப், 5டி, 6பி. ஈயம் 82 என்றால் முந்தைய மந்த வாயு ஜெனான் 54. மீதி 28-ஐ 6எஸ்² 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6பி² என்று பங்கிட்டால் முடிந்தது. கடைசியில் மேற்குறிகளைக் கூட்டி அணு எண் வருகிறதா என்று பாருங்கள். 4எஃப்¹⁴-ஐ விட்டுவிட்டவர்களுக்கு 68 வரும்.

அட்டவணை கையில் இல்லையென்றால் கூட்டல் விதி: முதன்மை எண்ணும் கோண எண்ணும் கூடி எது சிறியதோ அது முதலில். கூட்டல் சமமானால் முதன்மை எண் சிறியது முதலில். 4எஸ்-க்கு 4, 3டி-க்கு 5, ஆகவே 4எஸ் முந்தும். 3டி, 4பி இரண்டுக்கும் 5, ஆகவே 3டி முந்தும்.

பிறகு ஓர் ஆர்பிட்டாலுக்கு ஒரு கட்டம், ஓர் எலக்ட்ரானுக்கு ஓர் அம்பு என்று போடுங்கள். ஹுண்ட் விதிப்படி சம ஆற்றல் ஆர்பிட்டால்களில் முதலில் ஒவ்வொன்றாக, ஒரே திசை அம்பாக. எல்லாக் கட்டத்திலும் ஒன்று வந்த பிறகுதான் இணை. நைட்ரஜனின் 2பி³ என்பது ↑ ↑ ↑. ↑↓ ↑ என்று போட்டால் ஹுண்ட் விதி மீறல். ஒரே கட்டத்தில் ↑↑ போட்டால் பௌலி தத்துவ மீறல். "எந்த விதி மீறப்பட்டுள்ளது?" என்ற கேள்வியில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் ஏராளம்.

விதிவிலக்குகளில் குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹. பாதி நிரம்பினாலும் முழுதாக நிரம்பினாலும் நிலைத்தன்மை கூடும் என்பது பாடநூல் காரணம். ஒரே திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் தமக்குள் இடம் மாறும் வாய்ப்பு 3டி⁴-ல் 6, 3டி⁵-ல் 10. பரிமாற்ற ஆற்றல் அதற்கேற்ப கூடுகிறது. தேர்வுக்கு இது போதும், ஆனால் இதை எங்கும் செல்லும் சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. குரோமியத்துக்குக் கீழே உள்ள மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹. அதற்கும் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்². நியோபியம் 4டி⁴ 5எஸ்¹, அங்கே பாதியும் இல்லை முழுதும் இல்லை. பல்லேடியம் 4டி¹⁰, 5எஸ் காலி. இவற்றை விதியிலிருந்து வரவழைக்க முடியாது, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன குரோமியக் கேள்வி. அமைப்பு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 3டி⁵ 4எஸ்¹. எஸ் எலக்ட்ரான்கள் எல்லாவற்றுக்கும் காந்த எண் 0: 2 + 2 + 2 + 1 = 7. ஒவ்வொரு நிரம்பிய பி-யிலும் 0 என்ற ஆர்பிட்டாலில் 2: இரண்டு பி-க்கும் சேர்த்து 4. 3டி⁵-ல் ஒவ்வோர் ஆர்பிட்டாலிலும் ஒன்று என்பதால் 1. மொத்தம் 12. விதிவிலக்கை மறந்து 3டி⁴ 4எஸ்² என்று எழுதியவர் இங்கே மாட்டிக்கொள்வார். ஐந்து கட்டத்தில் நான்கு எலக்ட்ரான் இருந்தால் பூச்சியக் கட்டம் காலியா இல்லையா என்று சொல்லவே முடியாது. தாமிரத்துக்கு இதே வழியில் 7 + 4 + 2 = 13.

இரும்பும் அதன் அயனிகளும்

இரும்பு 26: ஆர்கானுக்குப் பிறகு 4எஸ்² 3டி⁶. நிரப்பும் வரிசையில் கடைசி எலக்ட்ரான் 3டி-யின் ஆறாவது, முதல் இணையை உண்டாக்குவது. முதன்மை எண் 3, கோண எண் 2. முதல் ஐந்துக்கும் +½ கொடுத்திருந்தால் இதற்கு −½. காந்த எண்ணை −2-லிருந்து எழுதத் தொடங்கினீர்களா, +2-லிருந்தா என்பது வெறும் வழக்கம். காந்தப் புலம் இல்லாதபோது ஐந்தும் ஒரே ஆற்றல். எனவே (3, 2, −2, −½), (3, 2, +2, −½) இரண்டும் ஏற்கத்தக்கவை. "வெளிக்கூட்டு எலக்ட்ரான்" என்று கேட்டிருந்தால் விடையே வேறு: 4எஸ், அதாவது (4, 0, 0, ±½). கேள்வியில் கடைசியாக நுழைந்தது என்கிறார்களா, வெளிக்கூடு என்கிறார்களா என்று இரண்டு முறை படியுங்கள்.

அயனியாகும்போது எலக்ட்ரான் முதலில் 4எஸ்-லிருந்து போகும். கடைசியாக வந்தது முதலில் போகும் என்று எண்ணி 3டி-யிலிருந்து எடுப்பதுதான் இந்தப் பாடத்தின் பெரிய தவறு. இரும்பு 2+ அயனியில் அது வெளியே தெரியாமலும் போய்விடும். சரியான அமைப்பு 3டி⁶, இணையாகாத எலக்ட்ரான் 4. தவறாக எழுதினால் 3டி⁴ 4எஸ்², அங்கேயும் இணையாகாதவை 4. காந்தத் திருப்புத்திறன் கணக்கு (வாய்பாடு கீழே) இரண்டிலும் 4.90 போர் மேக்னட்டான் என்றே வரும், அதன் அலகு அது. விடை பொருந்திவிட்டதால் தவறு மனதில் ஊறிவிடும். 3+ அயனிக்கு வரும்போதுதான் குட்டு உடையும்: சரியானது 3டி⁵, இணையாகாதவை 5, மதிப்பு 5.92. தவறானது 3டி³ 4எஸ்², இணையாகாதவை 3, மதிப்பு 3.87. பயிற்சிக்கு இரும்பு 3+ அல்லது மாங்கனீசு 2+ அயனியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு 2+ உங்களைச் சோதிக்காது.

4எஸ் முதலில் நிரம்புகிறதென்றால் அதுதானே தாழ்ந்த ஆற்றல், பிறகு ஏன் அதுவே முதலில் போகிறது? நியாயமான சந்தேகம். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் உண்மையிலேயே 3டி-யைவிடத் தாழ்ந்தது. அணுக்கருவின் மின்சுமை கூடும்போது 3டி வேகமாகக் கீழே இறங்குகிறது, ஸ்காண்டியத்தில் 4எஸ்-க்குக் கீழே போய்விடுகிறது. ஸ்காண்டியத்தின் அயனிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 3+ அயனியில் ஆர்கான் உள்ளகம் மட்டும், 2+ அயனியில் 3டி¹, 1+ அயனியில் 3டி¹ 4எஸ்¹, அணுவில் 3டி¹ 4எஸ்². முதலில் நுழைந்தது 3டி. ஆனால் 3டி இறுக்கமான இடம். அங்கே எல்லா எலக்ட்ரானையும் அடைத்தால் விலக்கம் கூடும், அதனால் மீதி விரிந்த 4எஸ்-க்குப் போகிறது. ஆஃபா வரிசை நடுநிலை அணுவின் அமைப்பை எழுதக் கைகொடுக்கும் வழிமுறை. அயனி எழுதும்போது அதைத் தூக்கி வைத்துவிட்டு, முதன்மை எண் பெரியது எதுவோ அதிலிருந்து எடுங்கள்.

எழுதும் முறையிலேயே ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். நிரப்பும்போது 4எஸ்² 3டி⁶ என்று எழுதினாலும், நிரப்பி முடித்ததும் கூட்டு வரிசையில் 3டி⁶ 4எஸ்² என்று மாற்றி எழுதிவிடுங்கள். வலது ஓரத்தில் இருப்பதை எடுத்தால் சரியாக இருக்கும்.

திருப்புத்திறனுக்கான வாய்பாடு: இணையாகாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை, அதோடு இரண்டு கூட்டிய எண்ணால் பெருக்கி வர்க்கமூலம். 1-க்கு 1.73, 2-க்கு 2.83, 3-க்கு 3.87, 4-க்கு 4.90, 5-க்கு 5.92. விடை எப்போதும் எலக்ட்ரான் எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஒன்றுக்கு மேல் கூடாது. கேள்வியில் 5.92 கொடுத்து அயனியைக் கேட்டால் ஐந்து என்று பார்த்தவுடனே சொல்லலாம்.

இந்த வாய்பாடு சுழற்சியை மட்டுமே கணக்கில் எடுப்பது. கோபால்ட் 2+ அயனிக்கு, 3டி⁷, இணையாகாதவை 3 என்பதால் 3.87 வரும். எண்முகி அணைவுகளில் அளந்தால் 4.3 முதல் 5.2 வரை கிடைக்கிறது, ஆர்பிட்டால் இயக்கத்தின் பங்கும் சேர்ந்துகொள்வதால். லாந்தனைடுகளில் வித்தியாசம் இன்னும் பெரிது. 4எஃப் எலக்ட்ரான்களுக்கு இந்த வாய்பாட்டைப் போடவே கூடாது, காடோலினியம் 3+ போல எஃப் சரிபாதி நிரம்பிய அயனியைத் தவிர.